பெரு நாட்டுச் சாப்பாடும் விசுவமடு மிளகாயும்

ஒருகொடவத்தைச் சந்தியைக் கடந்து போகிறவர்களுக்கு அங்கே பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. சுங்கத்தின் கொள்கலன் முற்றம், வரிசைகட்டி நிற்கும் நெடிய லொறிகள், தூசி, அவ்வளவுதான். 1995 ஒக்டோபரில் அங்கும் கொலன்னாவையிலும் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தபோது எழுந்த கரும்புகையைக் கொட்டாஞ்சேனையில் ஒரு மொட்டைமாடியில் நின்று பார்த்தவன் நான். ஆனால் அண்மையில் அந்தச் சந்தி என் நினைவுக்கு வந்தது புகையினால் அல்ல. லண்டனில் ஒரு பெரு நாட்டு உணவகத்தில் மருமகனோடு உட்கார்ந்திருந்தபோது வந்தது.

பெரு நாட்டுச் சாப்பாடு இப்போது உலகெங்கும் நாகரிகமாகிவிட்டது. அந்நாட்டவர் பச்சை மீனைத் தேசிப்புளியில் ஊறவைத்துச் செய்யும் 'செவிச்சே'யை 2023இல் யுனெஸ்கோ நிறுவனமும் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வெங்காயம், மிளகாய், ஓரத்தில் அவித்த வத்தாளங்கிழங்கு, சோளன். மீனை அடுப்பில் வைக்காமல் உண்பதா என்று தயங்கினேன். ஆனால் வாயில் வைத்தபோது மீன் வெந்தது போலவே இருந்தது. புளி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஊறிய மீனிலிருந்து வடியும் புளிச்சாற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'புலிப்பால்'. அதில் ஒரு குவளை தனியாகக் கேட்டுக் குடிக்கலாம். பக்கத்து மேசையில் நம்மவர் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மருமகன் அதைக் கொண்டுவரச் சொன்னார். பழைய பழக்கங்கள் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

அடுத்து வந்தது 'கவுசா'. உருளைக்கிழங்கை அவித்து மசித்து, மஞ்சள் மிளகாய் விழுதும் தேசிப்புளியும் சேர்த்துப் பிசைந்து, இடையில் மீனோ கோழியோ வைத்து அடுக்கிய பண்டம். "மாமா, இது அம்மா பாணுக்குச் செய்யிற கிழங்குச் சம்பல்தானே!" என்றார் மருமகன்.

அவர் சொன்னது உண்மையை அதிகம் விட்டு விலகியதல்ல. உருளைக்கிழங்கு பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடைப்பட்ட அந்தீஸ் மலைகளில், டிட்டிகாகா ஏரிப் பக்கத்தில், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பயிராக்கப்பட்டது. பெருவில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. சர்வதேச உருளைக்கிழங்கு ஆய்வு நிலையம் 1971இல் லீமா நகரில் நிறுவப்பட்டதற்குக் காரணமும் அதுவே. தக்காளியின் காட்டு மூதாதையரும் அந்தப் பக்கத்தவையே. மரவள்ளி தென்னமெரிக்காவின் அமேசன் பகுதியைச் சேர்ந்தது. மிளகாயைப் பொறுத்தவரை சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். நம்முடைய செத்தல் மிளகாய் மெக்சிக்கோ வழிவந்த இனம். பெருவின் மஞ்சள் மிளகாய் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

இவற்றில் ஒன்றுகூட 1505இல் போர்த்துக்கீசர் கொழும்புக்கு வந்தபோது இந்தத் தீவில் இல்லை. பிசாரோ பெருவுக்குள் நுழைந்ததே 1532இல்தான். மிளகுக்காக வந்த போர்த்துக்கீசர் மிளகாயைத் தந்துவிட்டுப் போனார்கள். நாம் மிளகின் பெயரையே எடுத்துப் புதியவனுக்குச் சூட்டினோம். சிங்களத்தில் இன்னும் வேடிக்கை. 'மிரிஸ்' என்ற பெயரை மிளகாய் முழுவதுமாக எடுத்துக்கொள்ள, பழைய மிளகு 'கம்மிரிஸ்' ஆகிக் கிராமத்துக்குப் போய்விட்டது. மட்டக்களப்பார் கொச்சிக்காய் என்கிறார்கள். கொச்சியிலிருந்து வந்த காய் என்பது பொருள்.

பெயர்களின் கதை இப்படி. ஆனால் இந்தப் பயிர்கள் நம் சமையலறையோடு நின்றுவிடவில்லை. நம்மவரின் வாழ்வையே ஒருமுறை உயர்த்திப் பின் கவிழ்த்தன.

1960களின் பிற்பகுதியிலிருந்தே உணவு இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் தொடங்கியிருந்தன. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணி வரண்ட நிலையில், மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதிக் கதவைச் சாத்தியது. கொழும்பில் அது பாண் வரிசைகளின் காலம். அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை. உணவகங்களில் குறிப்பிட்ட நாட்களில் சோறு கிடையாது. மரவள்ளிக்கிழங்கு ஏழையின் உணவாக மட்டுமன்றிக் காரியாலய உத்தியோகத்தரின் மதிய உணவாகவும் ஆயிற்று. மரவள்ளி உண்ட நாளில் இஞ்சி சேர்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாம்.

கொழும்பு வாடிய அதே நாட்களில் வடக்கு தழைத்தது. சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண்ணில் விளைந்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் மிளகாயும் லொறி லொறியாகப் புறக்கோட்டைக்கு வந்தன. நான்காம் ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் செத்தல் மிளகாய் மூட்டை அவிழ்க்கும்போது தெருவே தும்மும். ஓலை வேய்ந்திருந்த வீடுகள் கல்வீடுகளாயின. கிணற்றடியில் துலாவுக்குப் பதில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்த காலமும் அதுதான். வாசல் அடைபட்ட இளைஞர்கள் சிலர் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களுக்குப் போய் மண்வெட்டி பிடித்தனர். அந்த மிளகாய்த் தோட்டங்களைப் பற்றி அன்று கொழும்புப் பத்திரிகைகளில் நாங்கள் பெருமையோடு எழுதினோம். கதவு சாத்தியிருக்கும் வரைதான் இந்தச் செழிப்பு என்பதை எழுதவில்லை. இன்று திரும்பிப் பார்க்கையில், அதை எழுதியிருக்க வேண்டும் என்றே படுகிறது.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கொழும்பு மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். வரிசையில் நின்று களைத்தவனுக்கு வேறென்ன தோன்றும்? வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் மீண்டும் துறைமுகத்தில் இறங்கின. வடக்கின் மூட்டைகளுக்கு விலை விழுந்தது. உருளைக்கிழங்குக்கான தடை மட்டும் 1990களில்தான் தளர்ந்தது. அதற்குள் தோட்டங்களில் ஷெல் விழத் தொடங்கியிருந்தது.

என் மருமகனின் தகப்பனார் விசுவமடுவில் மிளகாய் செய்தவர். நீரிறைக்கும் இயந்திரத்தையும் உழவு இயந்திரத்தையும் விற்றுத்தான் மூத்த மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினார் என்பது எனக்கு முன்பே தெரியும். வாங்கியவருக்கும் அந்த இயந்திரம் பயன்படவில்லை, அந்த மனிதர் அடுத்த வருடம் அதை இரும்புக்குப் போட்டார் என்பதை மருமகன் அன்றிரவுதான் சொன்னார்.

பெருவின் நிலையாவது மேலானதா என்றால் அதுவும் இல்லை. லீமாவில் தணலில் வாட்டிய கோழியோடு மலைபோல் குவித்துத் தரும் உருளைக்கிழங்குப் பொரியலில் ஒரு பங்கு, நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளிலிருந்து உறையவைத்து வரும் கிழங்கு. உருளைக்கிழங்கு பிறந்த மலைகளின் விவசாயிகள் 2018 ஜனவரியில் விலை வீழ்ச்சியை எதிர்த்து வீதிகளை மறித்தார்கள். யாழ்ப்பாணத்து விவசாயியும் விதைக்கிழங்கை ஒல்லாந்திலிருந்து வந்த பெட்டியில்தான் வாங்கினார் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன்.

பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை. உணவுக் கொள்கலன்கள் விடுவிக்கப்படாமல் துறைமுகத்தில் தேங்கின. கொழும்பில் மறுபடியும் வரிசைகள். வீட்டு முற்றங்களில் மறுபடியும் மரவள்ளித் தடிகள். வெள்ளவத்தைச் சந்தையில் செத்தல் மிளகாயை நூறு கிராமாகக் கேட்டு வாங்கிய குடும்பத் தலைவிகளைக் கண்டேன். இம்முறை வடக்கிலிருந்து லொறிகள் வரவில்லை. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில் இரசாயன உரத்துக்கு விதித்த தடை தோட்டக்காரரை ஏற்கெனவே படுக்கவைத்திருந்தது. தப்பியவரிடம் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை.

உணவகத்தில் கடைசியாக ஒரு சிறு தட்டில் சிவந்த, தடித்த மிளகாய்த் துண்டுகள் வந்தன. ரொகொட்டோ என்று பெயர். அதன் விதைகள் கறுப்பு. நான் அதுவரை கண்டதில்லை. மருமகன் ஒரு விதையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாமா, இது விசுவமடுவிலை முளைக்குமோ?"

இது குளிர்மலைப் பயிர், அந்த வெயில் இதற்கு ஒத்துவராது, வேண்டுமானால் நுவரெலியாவில் பார்க்கலாம் என்றேன். அவர் விதையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, பரிசாரகரிடம் இன்னொரு தட்டு மிளகாய் கேட்டார்.