திருவொற்றியூர் செல்வோர் கண்டு வர வேண்டுவன

ஆடித் திங்கள் கேட்டை நாளில் நம் வாணிய மரபினர் பலர் திருவொற்றியூர் சென்று, கலிய நாயனார் குருபூசையைத் தரிசித்து, அன்று மாலையே வீடு திரும்புதல் வழக்கம். எண்ணெய் வாணிபத்தால் செல்வராய் வாழ்ந்து, பொருள் தேய்ந்த பின் கூலிக்குச் செக்காடி, அதுவும் அற்ற காலத்துத் தம் குருதியையே திருவிளக்குக்கு எண்ணெயாக வார்க்கத் துணிந்த அப்பெரியாரை வணங்குதல் நம் கடனே. எனினும் அவ்வளவில் திரும்பிவிடுதல் போதாது என்பது நம் கருத்து. சென்னையின் சரித்திரம் 1639-ல் ஆங்கிலேயர் இடம் பெற்ற நாளில் தொடங்கிற்று என்றே நம் சிறுவர் எண்ணுகின்றனர். அதற்குப் பல நூற்றாண்டு முந்திய சான்றுகளும், பின்னர் எழுந்து இன்று அருகியே பேசப்படுவனவும் இவ்வடகரையில் உள்ளன. அவற்றுட் சிலவற்றை அன்பர்கள் குடும்பத்தோடு கண்டு வரும்பொருட்டு ஈண்டுக் கூறுகின்றோம்.

முதலாவது, நாம் தொழுது வரும் திருக்கோயிலே. 949-ல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் பட்டான். அவன் படைத்தலைவருள் ஒருவர் கேரள நாட்டினர். தலைவனோடு உடனிருந்து உயிர் கொடுக்கும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என வருந்தி, அவர் உலகைத் துறந்து திருவொற்றியூர் வந்து, நிரஞ்சன குருவை அடைந்து, சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத் தலைவரானார். இச்செய்தியைக் கூறும் கல்வெட்டு, போரில் வென்ற இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கிருட்டிணனின் இருபதாம் ஆட்சியாண்டுக்குரியது. தம் தலைவனை இழப்பித்த அரசனது ஆண்டுக் கணக்கிலேயே தம் துயரத்தையும் துறவையும் பதிப்பித்த அவரது உள்ளத்தை எண்ணிப் பார்மின்! பின்னர், முதலாம் இராசேந்திரன் காலத்தில், அம்மரபில் வந்த மற்றொரு சதுரானன பண்டிதர் விருப்பப்படி, வீரசோழத் தச்சன் என்னும் இரவி கருங்கல்லால் விமானம் சமைத்தான். அதன் பின்புறம் யானை முதுகென வளைந்திருத்தலைச் சுற்றி வந்து காண்க. இலக்கணம் கற்பித்தற்கென இக்கோயிலில் வியாகரண தான மண்டபமும் இருந்ததெனக் கல்வெட்டுக்கள் கூறும். மூலவரைக் கவசமின்றிக் காண விழைவோர் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களிற் செல்க. ஊரின் கடலோரத்தே, பெருவணிகராய் வாழ்ந்து அனைத்தையும் துறந்த பட்டினத்தாரின் அடக்கமும் உளது.

இனி, தெற்கே நகர் நோக்கி வருங்கால் இராயபுரம் எதிர்ப்படும். அங்குள்ள புகைவண்டி நிலையத்தை நம்மவர் பலர் வண்டியிலிருந்து பார்த்ததோடு சரி. இறங்கிக் கண்டவர் சிலரே. 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் கவர்னர் ஹாரிஸ் பிரபு அதனைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாள் வாலாஜா ரோடு வரை வண்டிப் போக்குவரத்துத் தொடங்கிற்று. தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை அதுவே. பம்பாயிலும் தாணாவிலும் 1853-ல் இருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆதலின், பாரத நாட்டில் எஞ்சி நிற்கும் நிலையக் கட்டடங்களுள் இராயபுரமே மிகப் பழையதெனக் கூறுவர். நெடுநாள் சிதைந்து கிடந்த இது 2005-ல் செப்பனிடப்பட்டது.

நிலையத்தினும் பழையது புனித இராயப்பர் ஆலயம். இராயப்பர் பெயராலேயே ஊரும் இராயபுரம் ஆயிற்றென்பர். துறைமுகம் இல்லாத அக்காலத்தில் கப்பல்கள் கடலில் எட்ட நிற்க, ஆட்களையும் பொருள்களையும் மசூலாப் படகுகளே கரை சேர்த்தன. ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மணலில் மோதும்போது ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். அப்படகுகளைச் செலுத்திய எளிய மக்களே 1829-ல் இவ்வாலயத்தை எழுப்பினர். இதன் அருகில் பார்சியரின் அக்கினி ஆலயம் உளது. தம் மைந்தனை இழந்த பிரோஜ் கிளப்வாலா என்பார் அவன் நினைவாக 1910-ல் இதற்குப் பொருளுதவினார். பிறர் உட்செல்லல் அவர்தம் மரபன்று. தெருவில் நின்று கண்டு மீள்க.

அங்கிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்குச் சென்றால் மாடிப் பூங்காவைக் காணலாம். பிரஞ்சுக்காரர் முற்றுகைக்கும் ஐதரலியின் குதிரைப்படைக்கும் அஞ்சி, 1769 முதல் எழுப்பிய நகர மதிலின் எஞ்சிய பகுதியே அது. மதிற் செலவுக்கு வரி வாங்கக் கருதி, வாங்காமலே விட்டனர் என்பர். வால்டாக்ஸ் ரோடு என்னும் பெயர் மட்டும் நிலைத்தது.

திருவொற்றியூருக்கு வடக்கே செல்வோர் எண்ணூர்க் கழியை அடைவர். கொற்றலையாறு கடலொடு கலக்கும் இடம் அது. 1806-ல் காக்ரேன் என்பார் சென்னையிலிருந்து இக்கழி வரை வெட்டிய கால்வாயே பின்னர் நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. நகருக்கு வேண்டிய விறகு அவ்வழியே படகில் வந்தது. வெள்ளைக்காரர் ஒருகால் இங்குப் படகு செலுத்திப் பொழுது போக்கினர். இன்றோ கழியின் நிலை இரங்கத்தக்கது. அனல் மின்நிலையச் சாம்பல் அதில் படிந்துள்ளது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதியதனால் எண்ணூர்க் கடற்கரை எங்கும் எண்ணெய் ஒதுங்கிற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழியிலேயே எண்ணெய் பரவி, மீனவர் வலையும் படகும் கறுத்தன. விளக்கில் வார்த்தால் ஒளியாகும் எண்ணெய், நீரிற் பரவினால் பிறர் பிழைப்பைக் கெடுக்கும் நஞ்சாகும். எண்ணெயாலே வாழ்ந்த மரபினராகிய நாம் இக்கழியைக் காணாதிருத்தல் தகாது.

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். செக்காடிய நாயனாரும், போரில் உயிர் பிழைத்ததற்கு நாணிய கேரள வீரரும், கல் தச்சனும், படகோட்டிகளும், மகனை இழந்த பார்சியும் ஆகிய பல திறத்தாரும் சேர்ந்து ஆக்கியது இவ்வடகரை. நம் மரபின் பெருமையை நம் மலரில் பேசுதல் முறையே; அப்பெருமை எத்தகைய மாந்தரிடையே விளைந்தது என்பதையும் நம் மக்கள் அறிதல் வேண்டும். பார்ப்பாரற்ற கட்டடம் இடிவதும், பேசுவாரற்ற நீர்நிலை தூர்வதும் எளிது. ஆதலின், அடுத்த முறை செல்லும் அன்பர்கள் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கிச் சிறுவரையும் உடன் அழைத்துச் செல்வாராக. இப்பகுதியில் செக்கு ஓடிய தெருக்களை நினைவிற் கொண்ட முதியோர் இன்னும் நம் இல்லங்களில் இருப்பர். அவர் வாய்மொழிகளைக் கேட்டு எழுதி நம் மலருக்கு அனுப்புவாராக. காலந் தாழ்த்தற்க.