அடுப்புக் கரி

பங்குனித் திருவிழா முடிந்த மறுவாரம் நார்த்தாமலைக்குப் போயிருந்தேன். முத்துமாரியம்மனுக்குப் பொங்கலிட்ட ஜனங்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் கூட்டிய மூன்று கல் அடுப்புகள் மட்டும் அங்கங்கே கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கை சாம்பல், நாலைந்து கரித்துண்டு. அவற்றைத் தாண்டித்தான் மேலமலை ஏறினேன்.

மேலே விஜயாலய சோழீச்சுரம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். சாத்தன் பூதி கட்டியது மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. நகரத்தார் மலைதான் நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். பெரும் வணிகக் குழுக்கள் தங்கிய ஊர். கட்டியவன், புதுப்பித்தவன், தானம் கொடுத்தவன் எல்லாரும் கல்லில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு வடித்தவள் அடுப்பை எப்படிப் பேணினாள் என்பதுதான் இல்லை.

என் அப்பாயிக்கு அது தெரியும். அவள் தீ மூட்டி நான் பார்த்ததே இல்லை, எழுப்பித்தான் பார்த்திருக்கிறேன். இரவுச் சோறு இறங்கியதும் எரிகிற விறகை வெளியே இழுத்து நீர் தெளித்து அணைப்பாள். கனிந்த கங்குகளை மூலையில் கூட்டிச் சாம்பலால் மூடுவாள். மூடுவதில்தான் சாமர்த்தியம். மெல்லிசாக மூடினால் காற்றுப் புகுந்து நடுநிசிக்குள் எரிந்து தீர்ந்துவிடும். அழுத்தி மூடினால் மூச்சு முட்டி அவிந்துவிடும். பதமாக மூடிய கங்கு விடியும்வரை உயிரோடிருக்கும். கிளறிச் சுள்ளி வைத்து, ஊதுகுழலால் ஓர் ஊது, அவ்வளவுதான்.

"தீப்பெட்டிதான் இருக்கே, அப்பாயி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கட்டுமே. இருக்கிற தீயை அவிச்சுப்புட்டு எதுக்குடா குச்சியைக் கிழிக்கணும்?"

இந்தப் பழக்கம் அவளுக்கு மாமியார் கொடுத்த சீதனம். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்குவதற்கு முன்பு தீக்குச்சி பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு அல்லவா? ஐரோப்பாவிலும் இதே கதைதான். இரவு மணி அடித்ததும் அடுப்புத் தீயை மூடிவிட வேண்டும் என்று அங்கே பல நகரங்களில் கட்டளை இருந்தது. 'தீயை மூடு' என்ற பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கர்ஃபியூ' ஆயிற்று. ஊரடங்கு போடுகிற போலீஸ்காரர் அப்பாயியின் வேலையைத்தான் சொல்கிறார். பாவம், அவருக்கு அது தெரியாது.

அணைத்த கரி உடைந்த பானையில் சேரும். குமுட்டி அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஆகும். சாம்பலோ பித்தளை துலக்க, அவரைக்கொடியின் அசுவினிமேல் தூவ, விதைப் பயறில் வண்டு விழாமல் கலந்துவைக்க. மிச்சத்தைக் குப்பையில் கொட்டுமுன் நீர் தெளித்துக் குச்சியால் துழாவுவாள். கூரை வீட்டுத் தெருவில், சாம்பலுக்குள் ஒளிந்த ஒரு கங்கும் கோடைக் காற்றும் போதும்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒன்றை மறைக்கக்கூடாது. அறுபது வருஷப் புகையில் அவள் கண்கள் பழுதாகிவிட்டன. கடைசியில் கங்கின் நிறத்தைப் பார்த்தல்ல, புறங்கையில் படும் சூட்டைக் கொண்டுதான் சாம்பலின் அளவை முடிவு செய்தாள்.

கரியை அற்பமென்று நினைக்கிறவர்கள் சித்தன்னவாசலுக்குப் போகவேண்டும், நார்த்தாமலைக்கு அண்டைதான். ஆயிரம் வருஷம் தாண்டிய அந்தத் தாமரைத் தடாகத்துச் சித்திரங்களை ரசாயனப் பரிசோதனை செய்தபோது, கறுப்பு வர்ணம் வெறும் மரக்கரி என்று தெரிந்தது.

அது போகட்டும். 1949-இல் அமெரிக்காவில் வில்லர்ட் லிபி என்பவர் கரியிடமே வயது கேட்கும் வழியை உலகுக்குக் காட்டினார். மரம் உயிரோடிருக்கையில் காற்றிலிருந்து வாங்கிய கதிரியக்கக் கார்பன், மரம் செத்தபின் ஏறக்குறைய 5,730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். மிச்சத்தை அளந்தால் காலம் தெரியும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமம் கி.மு. 580 என்றது, சிவகளைக் கரி ஒன்று கி.மு. 3345 என்றதாக 2025-இல் அறிவித்தார்கள். கல்வெட்டு இல்லாத காலத்துக்கு, எரிந்து தீராமல் மிஞ்சிய கரி சாட்சி.

அப்படியானால் அப்பாயி வீட்டு அடுப்படியை நாளைக்கு எவரேனும் தோண்டினால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. கடைசித் துண்டுவரை எரித்து, சாம்பலையும் செடிக்குப் போட்டுவிட்டாளே!

மலையிறங்கும்போது அந்தப் பொங்கல் அடுப்புகளில் ஒன்றிலிருந்து ஒரு கரித்துண்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளைச் சட்டை. வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.