தோப்பு

நாலு மாமரம் வீட்டுக் கொல்லையில் நின்றால் அது கொல்லைதான். அதே மரம் வரிசை பிடித்து, ஒருவர் நட்டு வளர்த்துக் காய்ப்பை எதிர்பார்க்கும் நிலத்தில் நின்றால் தோப்பு. ‘தொகு’ என்னும் வினையிலிருந்து இச்சொல் வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. ‘தனிமரம் தோப்பாகாது’ என்ற பழமொழியும் அதற்குத் துணை நிற்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இது ‘தோபு’. தென்னாட்டுக்கு வந்த ஆங்கிலேயரும் இதை எடுத்து ‘டோப்’ என்று தம் மொழியில் எழுதிக்கொண்டார்கள்.

தோப்புக்கு மரங்களின் எண்ணிக்கையை விட இடைவெளிதான் முக்கியம் என்பேன். தென்னைக்கு 25 அடி விட்டு நட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 மரம் நிற்கும். கன்றாக இருக்கும் வரை இடையில் கடலையோ உளுந்தோ போடலாம். மரங்கள் வளர்ந்து நிழல் கூடிய பிறகு அந்தப் பயிர்கள் சரிவர விளையாது; நிலம் முழுக்க மரத்துக்கே ஆகிவிடும். அப்போதுதான் அது முழுத் தோப்பு.

மரம் கூடி நிற்பதெல்லாம் தோப்பு அல்ல. தானாக முளைத்துப் பெருகிய பனைக்கூட்டத்தைப் பனங்காடு என்கிறோம். சோலைக்கு நிழலே போதும், காய் வேண்டியதில்லை. காய்கறி, பூ, தேயிலை, திராட்சை எல்லாம் தோட்டம். வாழையையோ தோப்பு, தோட்டம் என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியில், பத்திரிகைகள் ‘மாம்பழத் தோட்டம்’ என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. மாந்தோப்பு என்றே எழுதுங்கள்.