பார்கோடு வந்த பாதை

மயாமி கடற்கரை மணலில் நார்மன் ஜோசப் உட்லண்ட் விரல்களை ஊன்றிக் கோடு இழுத்தபோது மனத்தில் இருந்தது மோர்ஸ் தந்திக் குறியீடு. அதன் புள்ளியைக் கீழே இழுத்தால் ஒல்லிக் கோடு. கோட்டை இழுத்தால் தடித்த கோடு. நண்பர் பெர்னார்ட் சில்வரோடு சேர்ந்து 1952-ல் காப்புரிமையும் வாங்கினார். படிப்பதற்கு மலிவான லேசரும் கணினியும் இல்லாததால் யோசனை பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

கருவிகள் வந்தபோது வேறு சிக்கல். கடைக்கொரு குறி வைத்தால் சோப்புக் கம்பெனி எத்தனை விதமாக அட்டை அச்சடிக்கும்? கம்பெனிகள் நீளமான எண் கேட்டன. கடைக்காரர்கள் சின்ன எண்ணே போதும் என்றார்கள். 1970-ல் அமெரிக்க மளிகைத் துறையின் இரு தரப்பும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன.

ஆர்.சி.ஏ. நிறுவனம் வட்டக் குறியைக் கொண்டுவந்து, 1972-ல் சின்சினாட்டியில் ஒரு க்ரோகர் கடையில் ஓட்டியும் காட்டியது. ஆனால் அச்சில் தாள் ஓடும் திசையில் மை இழுபட்டால் வளையம் கெட்டுவிடும். ஐ.பி.எம்.மின் ஜார்ஜ் லாரர் நேர்க்கோடுகளை நிறுத்தினார். தாள் ஓடும் வாக்கிலேயே கோடு இருந்தால், மை இழுபட்டாலும் நீளம்தான் கூடும், அகலம் மாறாது. அகலத்தில்தானே சேதி இருக்கிறது! 1973 ஏப்ரல் 3 அன்று குழு இதையே தேர்ந்தெடுத்தது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றும் ஆனது.

கோட்டுக்குள் விலை கிடையாது. கம்பெனி எண், பொருள் எண், கடைசியில் பிழை பார்க்க ஓர் இலக்கம், அவ்வளவுதான். விலை அந்தந்தக் கடையின் கணினியில். எண் பொது, விலை அவரவர் பாடு என்பதால்தான் போட்டியாளர்களும் ஒரே ஏற்பாட்டுக்குள் வர முடிந்தது.

1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலம் டிராயில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லி சூயிங்கம் ஒரு கட்டு, இந்தக் கோட்டைப் படித்து முதன்முதலாக 67 சென்ட்டுக்கு பில் ஆனது. அப்புறமும் இழுபறிதான். சரக்கில் கோடு வரட்டும், ஸ்கேனர் வாங்குகிறோம் என்றன கடைகள். ஸ்கேனர் வரட்டும், அச்சடிக்கிறோம் என்றன கம்பெனிகள். 1980-களில் பெரிய சில்லறை நிறுவனங்கள் கோடு கட்டாயம் என்று கறாராகச் சொன்ன பிறகே முடிச்சு அவிழ்ந்தது.

இதற்குள் 1977-ல் ஐரோப்பா 13 இலக்க முறையைத் தொடங்கியிருந்தது. அந்த வரிசையில் இந்தியாவுக்கு வந்த முன்னெண் 890. பிஸ்கட் பாக்கெட்டில் அதைப் பார்த்ததும் இந்தியத் தயாரிப்பு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எண்ணை வழங்கியது ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.