அவர் குடிக்காத தண்ணீர்

சொந்த ஊரைத் திட்டாத மனிதர் யாராவது உண்டா? டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள்... ‘‘இதெல்லாம் ஒரு ஊரா சார்?’’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதிலும் நடுத்தர நகரத்துக்காரர்களின் புலம்பல் தனி ரகம். மெட்ராஸின் வசதியும் இல்லை, கிராமத்தின் நிம்மதியும் இல்லையாம்!

நூறு வருஷத்துக்கு முந்தைய கோயமுத்தூர்க்காரர்களும் இப்படித்தான் புலம்பினார்கள். அவர்களிடம் நியாயமான காரணம் இருந்தது - தண்ணீர்!

1866-லேயே கோவை நகராட்சி ஆகிவிட்டது. 1901-ல் ஜனத்தொகை சுமார் 53 ஆயிரம். ஊரை ஒட்டி நொய்யல் ஆறு, அது நிரப்பும் வரிசையான குளங்கள்... பார்க்க அழகுதான். ஆனால், குடிப்பதற்கு? கிணற்றில் இறைத்து வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும்!

எல்லோரும் முகம் சுளித்தபடி அதையே விழுங்கிக்கொண்டிருக்க, ஒருவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. பெயர் சே.ப.நரசிம்மலு நாயுடு. 1854-ல் ஈரோட்டில் பிறந்தவர். பத்திரிகைக்காரர். பம்பாயில் 1885-ல் நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டுக்கே போய் வந்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கோவைக்கு மேற்கே தெரியும் மலையை மற்றவர்கள் சும்மா வேடிக்கை பார்த்தார்கள். நாயுடுவோ, ‘அவ்வளவு மழை பெய்கிற இடத்தில் நல்ல தண்ணீர் இல்லாமலா போகும்?’ என்று யோசித்தார். நண்பர்களோடு காட்டுக்குள் அலைந்து, முத்திகுளம் அருவியைப் பார்த்துவிட்டு வந்தார். ‘அந்தத் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம்’ என்று 1889 வாக்கிலேயே சொன்னார்.

நடந்ததா? அதுதான் இல்லை! தண்ணீர் ஓடுவது மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் திருப்ப வேண்டுமென்றால், மலையையே குடைந்து சுரங்கம் வெட்டியாக வேண்டும். அப்புறம், ஊர் வரைக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட வேண்டும். ‘பணத்துக்கு எங்கே போவது?’ என்ற கேள்வியிலேயே திட்டம் படுத்துவிட்டது.

இதற்கிடையே 1903-ல் பிளேக் வந்தது. அது எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்புகிற நோய். தண்ணீரின் மேல் பழி போட முடியாது. ஆனால் நெருக்கியடித்த வீதிகளில் அது திரும்பத் திரும்ப வந்து உயிர்களை வாரிக்கொண்டு போனது. கோவையில் இன்றைக்கும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள், அந்தப் பயத்தில் பிறந்தவைதான். இந்த ஊரை இப்படியே விட்டால் ஆகாது என்பது மெள்ள மெள்ள எல்லோருக்கும் உறைத்தது.

நகராட்சித் தலைவராக வந்த ரத்தினசபாபதி முதலியார், பழைய யோசனையைக் கையில் எடுத்தார். 1920-களில் மலை குடையப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில், சிறுவாணித் தண்ணீர் ஊருக்குள் வந்தேவிட்டது! முதலியார் பெயர் ஆர்.எஸ்.புரமாக நிலைத்தது.

நாயுடு? குழாயில் வந்த அந்தத் தண்ணீரை அவர் ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. 1922-லேயே காலமாகிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவருக்கு, இன்னும் சில வருஷம் கிடைக்கவில்லை.

‘உலகத்திலேயே ருசியில் இரண்டாவது தண்ணீர் எங்க சிறுவாணிதானுங்க!’ என்பார்கள் கோவைக்காரர்கள். எந்த நாக்கு அதை அளந்தது என்று கேட்டு அவர்கள் மனசை நோகடிக்காதீர்கள். உப்புத் தண்ணீர் குடித்த பரம்பரைக்குத்தான் நல்ல தண்ணீரின் அருமை தெரியும்!

சரி, கோவைக்காரர்கள் இப்போது திருப்தியாக இருக்கிறார்களா? ஊர் பெருத்துவிட்டது. சிறுவாணி போதாமல் பில்லூர் தண்ணீரும் வருகிறது. அப்படியும் கோடையில் ‘‘என்னங்க ஊர் இது!’’ என்கிறார்கள். தாராளமாகப் புலம்பட்டும், தப்பில்லை. புலம்பிய கையோடு மலையேறிப் போய்ப் பார்க்க, அதிலே ஒருத்தராவது கிளம்பினால் சரி!