எல்.ஐ.சி. கட்டடத் தீ விபத்து (1975)

சென்னை அண்ணா சாலையில் மக்கள் '14 மாடிக் கட்டடம்' என்றழைத்த எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இல்தான் முதன்முதலாக வெளிவந்தது. விதிகளுக்கு முன்பே எழுந்த இக்கட்டடம் 1975 ஜூலை 11 அன்று தீப்பிடித்துப் பெரும் சேதமடைந்தது.

உயரமான கட்டடங்களில் தீயைத் தொடக்கத்திலேயே அடக்க உதவுவது தானியங்கி நீர்த்தெளிப்பான். அதன் கண்ணாடிக் குமிழ் பொதுவாக 68 பாகை செல்சியசில் உடையும். வெப்பம் எட்டிய இடத்தில் மட்டும் நீர் பொழியும். பழைய கட்டடத்தில் இதைப் பொருத்துமுன், தண்ணீர்த் தொட்டியின் எடையைக் கட்டடம் தாங்குமா எனப் பொறியாளர் கணக்கிட வேண்டும்.

1974-இல் கட்டிய லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தை 2016-இல் புதுப்பித்தபோதும் தெளிப்பான் பொருத்தவில்லை. மறு ஆண்டு நேர்ந்த தீயில் 72 பேர் இறந்தனர். கட்டிய காலத்தில் விதி இல்லாதிருக்கலாம். இன்று குறையைக் காணும் பொறியாளர் அதை உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது அவரது தொழிற்கடமை.