பெரியாறு நீர்ப்பதிவேடுகளும் தேதிக் குழப்பமும்

முல்லைப் பெரியாறு அணையின் நீர் தேக்கடியிலிருந்து சுரங்கப்பாதை வழியாக லோயர்கேம்ப்புக்கு இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் பாய்கிறது. அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு ஆகியவை நாள்தோறும் எழுதி வைக்கப்படுகின்றன. இத்தகைய பதிவுகளைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக்கிக் கணினியில் ஏற்றும்போது முதலில் திரிந்துபோவது தேதிதான்.

இதைச் சிறிய தட்டச்சுப் பிழையாகக் கருத முடியாது. இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறக்கப்படுகிறது. 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த உச்ச நீதிமன்றம் 2014 மே 7-இல் அனுமதித்தது. எந்த நாளில் எத்தனை அடி இருந்தது என்பதே இங்கு வழக்கின் பொருள்.

ஆண்டுக் கணக்குகள்

அணைக்கான 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தானது. அந்த அக்டோபர், சென்னை மாகாண வருவாய்க் கணக்கில் பசலி 1296. திருவிதாங்கூர்க் கணக்கில் கொல்லம் 1062. தமிழ் ஆண்டு விய. பசலி ஜூலை 1-இல் தொடங்குவதால், ஜூலை முதல் டிசம்பர் வரை 590-ஐயும் ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். விய என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1886, 1946, 2006 ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். ஒப்பந்த நாளை 29/10/86 என்று எக்செல்லில் இட்டால், நாள் முதலில் வரும் அமைப்பில் அது 1986 ஆகிவிடும். நான்கு இலக்கத்தில் 1886 என்றே இட்டாலும் தேதியாக ஏற்காது. எக்செல்லின் காலம் 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. அணை திறக்கப்பட்ட 1895-ஆம் ஆண்டும் அதற்கு வெறும் எழுத்துத்தான்.

நாளும் மாதமும்

நம் பதிவேடுகளில் நாள் முதலில், மாதம் அடுத்து. அமெரிக்க அமைப்பிலுள்ள கணினி இதைத் தலைகீழாகப் படிக்கும். 01/06 என்ற நீர்திறப்பு ஜனவரி 6 ஆகும். தீங்கு என்னவென்றால், பிழைச் செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள் (நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ள நாள் நீங்கலாக) வேறு மாதங்களுக்குப் போய்விடும்; 13 முதல் உள்ளவை தேதியாக மாறாமல் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தென்மேற்குப் பருவமழை ஆண்டு முழுவதும் துளித்துளியாகச் சிதறிய வரைபடத்தைக் கண்டால் முதலில் இதைத்தான் ஐயுற வேண்டும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், இறக்குமதி வசதியின் வழியே திறந்து, தேதி நெடுவரிசைக்கு நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையைக் குறிப்பிடுவதே தீர்வு. மூலத் தேதியை எழுத்தாகவே தனி நெடுவரிசையில் வைத்திருப்பது நல்லது.

சில வேளை தவறு தேதியில் இருக்காது. மேற்கோள் குறிக்குள் வைக்காத 1,400 கன அடி 1, 400 என இரண்டாகப் பிரிந்து, பின்னுள்ள எல்லாவற்றையும் ஒரு கட்டம் தள்ளிவிடும்.

மணி

மணியும் சேர்ந்தால் சிக்கல் கூடும். 1906 ஜனவரி 1-இல் இந்தியச் சீர்நேரம் வருவதற்கு முன் சென்னை நேரம் கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஓடியது. கணினிகளின் நேர வலயத் தரவுத்தளத்தில் இவை இரண்டும் உள்ளன. ஆகவே இன்றைய காலை 6 மணி அளவீடு உலக நேரத்தில் அதே நாள் 0.30, 1943-இல் எடுத்த காலை 6 மணி அளவீடோ முந்தைய நாள் இரவு 23.30. உலக நேரத் தேதியை மட்டும் எடுத்தால் அந்த மூன்றாண்டும் ஒரு நாள் பின்னே போகும். நாளுக்கு ஓர் அளவீடு மட்டுமே உள்ள பதிவேட்டுக்கு நேர வலயம் தேவையே இல்லை, தேதியாகவே சேமிக்கலாம்.

மழையளவில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 10-ஆம் தேதி மழை என்பது 9-ஆம் தேதி காலை 8.30 முதல் 10-ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. அணையின் நீர்வரத்து நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடப்பட்டிருந்தால், இரண்டையும் தேதி பார்த்து இணைப்பவருக்கு 9-ஆம் தேதி மாலை மழைக்கு வந்த வெள்ளம், மழைக்கு முன்பே வந்ததாகத் தெரியும்.